சேர்ச் குழுவோடு திருகோணமலைக்கு மருத்துவ முகாம் செய்ய வருபவர்களுக்கு

கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற உங்கள் சபை திருகோணமலைப் பக்கம் மருத்துவ, பல் முகாம் வைக்கப் போகிறது, நீங்களும் பெயர் கொடுத்துவிட்டீர்கள். சரி, டிக்கெட் போட முன்னம் உங்களை அழைக்கிற சேர்ச்சிடம் ஒன்றைக் கேளுங்கள்: பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனைக்கும் அந்தப் பகுதி சுகாதார வைத்திய அதிகாரிக்கும் சொல்லியாயிற்றா? இலங்கையில் அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். வெருகல், ஈச்சிலம்பற்று மாதிரி இடங்களில் சனத்தை மறிப்பது தூரமும் பஸ் காசும் இழக்கப்போகிற ஒருநாள் கூலியும். நீங்கள் திரும்பிப் போனபிறகு உங்கள் நோயாளியைப் பார்க்கப் போவது அதே அரச ஆஸ்பத்திரிதான், அதனால் அவர்களுக்குத் தெரியாமல் எதுவும் நடக்கக் கூடாது.

டொக்டரோ பல் வைத்தியரோ என்றால் இலங்கை மருத்துவ சபையில் தற்காலிகப் பதிவு எடுக்க வேண்டும், மாதக்கணக்கில் முன்கூட்டியே தொடங்குங்கள். எந்த வகை விசா என்று குடிவரவுத் திணைக்களத்திடம் எழுதியே கேளுங்கள். மருந்து கொண்டுவர தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். நன்கொடை மருந்து வந்து சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது 1 வருடமாவது இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வீட்டு அலுமாரியில் மிஞ்சிய மாத்திரைகளைத் தயவுசெய்து கட்டிக்கொண்டு வராதீர்கள். ஊசியோ இரத்தமோ படுகிற வேலை செய்யப் போகிற எல்லோரும் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், வழமையான 3 ஊசியும் முடிய 6 மாதம் ஆகும்.

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழைக்காலம், உள்ளூர்ப் பாதைகள் வெள்ளத்தில் மூழ்கும். நடு வருடத்தில் கச்சான் காற்றும் வெக்கையும் இருக்கும், ஆனாலும் வேலை செய்யலாம். முஸ்லிம்கள் அதிகம் இருக்கிற மூதூர், கிண்ணியா என்றால் வெள்ளி மத்தியானம் ஜும்ஆத் தொழுகை நேரத்தை விட்டுவிடுங்கள், பெண்களைப் பார்க்கப் பெண் வைத்தியர் ஒருவராவது இருக்கட்டும்.

மருத்துவம் படிக்காதவர்களுக்குத்தான் வேலை அதிகம். பதிவு மேசையில் இருப்பவர் சீனி வருத்தம், பிரஷர், இரத்தம் உறையாமலிருக்கக் குடிக்கிற மாத்திரை, மருந்து ஒவ்வாமை எல்லாவற்றையும் கேட்டு எழுத வேண்டும். ஆஸ்பத்திரியில் வருத்தமும் மருந்தும் எழுதிக் கொடுக்கிற கிளினிக் கொப்பியைக் கொண்டுவரச் சொல்லி சேர்ச், பள்ளிவாசல், கோயில், கிராம உத்தியோகத்தர் மூலம் முதலே அறிவித்துவிடுங்கள், இல்லாவிட்டால் "வெள்ளைக் குளிசை ஒன்று குடிக்கிறனான்" என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. வைத்தியக் கருவிகள் கழுவுகிற இடம் முகாமின் உயிர்நாடி: முதலில் பிரஷ்ஷால் தேய்த்து இரத்தக் கறை போக்கி, அப்புறம் நீராவியால் கிருமி கொல்லுகிற ஓட்டோகிளேவில் 121 பாகை செல்சியஸில் குறைந்தது 15 நிமிடம். எத்தனை செட் குறடு சுத்தமாக இருக்கிறதோ அத்தனை பேருக்குத்தான் பல் பிடுங்கலாம். வெளியே வரிசை நீண்டுகொண்டு போனாலும் இந்த நிமிடங்களில் கை வைக்கக் கூடாது. பாவித்த ஊசிக்கு மூடி திரும்பப் போடாமல் நேரே கூர்ப்பெட்டியில் போடுங்கள், முக்கால் நிறைந்ததும் பெட்டியை மூடிவிடுங்கள்.

பல் பிடுங்கியவரை உடனே அனுப்பிவிடாதீர்கள். பக்கத்தில் ஒரு கதிரை போட்டு, பஞ்சை அரை மணி நேரம் இறுக்கிக் கடிக்க வையுங்கள், துப்ப விடாதீர்கள். வெளியே வந்த கையோடு வெத்திலை வைக்கிற கொட்டப்பெட்டியைத் திறக்கிற அம்மாமார் நிறையப் பேர். "அம்மா, வெத்திலை கொஞ்ச நாளைக்கு வேண்டாம், சுடு தேத்தண்ணி இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லி, கூட வந்த மகளிடமும் சொல்லுங்கள்.

அந்த வெத்திலைதான் இங்கே பெரிய விஷயம். இலங்கை ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் வாய்ப் புற்றுநோய், வெத்திலையோடு சேர்த்துச் சப்புகிற புகையிலையும் பாக்கும் அதற்கு முக்கிய காரணம். பல்லுக்கு வந்த எல்லோருக்கும் கன்னத்தின் உட்பக்கம், நாக்கின் அடி எல்லாம் டோர்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வாயை முழுதாகத் திறக்க முடியாமை, இதில் எது இருந்தாலும் திருகோணமலை பொது வைத்தியசாலைக்குக் கடிதம் கொடுத்து அனுப்புங்கள்.

வரிசையில் நிற்பவர்களிடம் சுவிசேஷத் துண்டுப்பிரசுரம் கொடுக்க வேண்டாம். வலியோடு நிற்கிற இந்துவுக்கோ முஸ்லிமுக்கோ பௌத்தருக்கோ மருந்துக்கு விலை கேட்கிற மாதிரி இருக்கும், எனக்கு இதில் இரண்டாம் கருத்தே இல்லை. தாங்களாகக் கேட்டால் தனியாக ஜெபியுங்கள். வாய் திறந்தபடி இருப்பவர்களைப் படம் பிடிக்கவும் வேண்டாம்.

கடைசி நாள் மத்தியானத்தோடு புதியவர்களை எடுப்பதை நிறுத்திவிட்டு, கடிதம் கொடுத்து அனுப்பப்பட்ட நோயாளிகளின் பட்டியலை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கையளியுங்கள். அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்களா என்று விசாரிக்கவும் பஸ் காசு கொடுக்கவும் உள்ளூர்ச் சபையில் ஒருவரைப் பொறுப்பாக வைத்து, அதற்கான காசையும் அவரிடமே கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.