ஐந்து விரலுக்கு 31 எழுத்து: எங்கல்பார்ட்டின் வேலையைத் தமிழில் உயிரோடு வைத்திருப்பது எப்படி

டக்ளஸ் எங்கல்பார்ட் யார் என்று பத்தாம் தரப் பிள்ளையிடம் கேட்டால், தெரிந்த பிள்ளை "மவுஸ் கண்டுபிடிச்சவர், மிஸ்" என்று சொல்லும். அந்த விடைக்குப் புள்ளியும் கிடைக்கும். ஆனால் அவர் பெயர் அந்த ஒரு வரியோடு நின்றுவிட்டால் அவருடைய வேலை அழிந்ததாகத்தான் அர்த்தம். 1964இல் பொறியாளர் பில் இங்கிலிஷோடு சேர்ந்து செய்த அந்த மரப்பெட்டி மவுஸ், அவர் கட்டிய பெரிய அமைப்பில் ஒரு சின்ன உறுப்பு. அவர் தேடியது வேறு. சிக்கலான பிரச்சினை ஒன்றின் முன்னால் பலர் சேர்ந்து இருந்து யோசிக்க, எழுத, எழுதியதைத் திருத்த, ஒருவர் எழுதியதில் இருந்து இன்னொருவர் எழுதியதற்குப் போக, கணினி எப்படி உதவும் என்பதுதான் அவருடைய கேள்வி.

நான் மட்டக்களப்புக் கல்லடியில் தகவல் தொழில்நுட்பம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். இப்போது சனிக்கிழமைகளில் வாசிகசாலையில் பிள்ளைகளோடு இந்த வேலையைச் செய்கிறேன். எங்கல்பார்ட்டின் கையெழுத்துப் பிரதிகளும் கடதாசிகளும் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. கருவிகளையும் மென்பொருளையும் கலிபோர்னியாவின் மவுண்டன் வியூவில் இருக்கிற கணினி வரலாற்று அருங்காட்சியகம் பார்த்துக்கொள்கிறது. அந்தப் பொறுப்பு நமக்கு வராது. நமக்கு வருவது, அவர் செய்ததைத் தமிழ்ப் பிள்ளையின் கையில் வேலை செய்ய வைப்பது. கருவியைக் கண்ணாடிக்குள் வைத்தால் கருவிதான் மிஞ்சும். பழக்கம் மிஞ்ச வேண்டுமென்றால் யாராவது அதைத் தொடர்ந்து செய்ய வேண்டும். அதற்கு நாங்கள் பின்பற்றுகிற முறையை எழுதுகிறேன், உங்கள் ஊரிலும் செய்யுங்கள்.

செங்கல்லில் இருந்து தொடங்குங்கள்

கணினியைத் திறக்க வேண்டாம். ஒரு பென்சில், ஒரு அரைச் செங்கல், கொஞ்சம் சணல் கயிறு போதும். பென்சிலைச் செங்கல்லோடு இறுக்கிக் கட்டி, பிள்ளையிடம் கொடுத்து ஒரு வசனம் எழுதச் சொல்லுங்கள். அதே வசனத்தை வெறும் பென்சிலாலும் எழுதச் சொல்லி இரண்டு நேரத்தையும் குறியுங்கள். எங்கல்பார்ட் 1962 ஒக்டோபரில் வெளியிட்ட அறிக்கையில் இதே ஒப்பீடு இருக்கிறது. எழுதுகிற கருவி பாரமானால் எழுத்து மட்டும் மெதுவாவதில்லை, எழுத நினைக்கிற விசயமும் சுருங்கிவிடுகிறது என்பதைக் காட்ட அவர் செய்தது அது. எங்கள் பிள்ளைகள் செங்கல்லைப் பிடித்ததும் வசனத்தைத் தாங்களாகவே கட்டையாக்கத் தொடங்கினார்கள், ஒருவரும் சொல்லவில்லை. அந்த இடத்தில் நிறுத்தி, "ஏன் கட்டையாக்கினீங்க?" என்று கேளுங்கள். அவருடைய முழு அறிக்கைக்கும் அதுவே வாசல்.

இதோடு ஒரு கதையும் சொல்லுங்கள், நான் எப்போதும் சொல்வது. 1945இல் 20 வயதுக் கடற்படை ரேடார் தொழில்நுட்பராக அவர் பிலிப்பைன்ஸ் போனார். அங்கே லெய்ட்டே தீவில், கால்கள் நட்டு உயர்த்திக் கட்டிய கூரைக்குடிலில் செஞ்சிலுவைச் சங்கம் ஒரு வாசிகசாலை வைத்திருந்தது. அங்கேதான் அமெரிக்கப் பொறியாளர் வானெவர் புஷ் எழுதிய கட்டுரையை வாசித்தார். மனிதர் சேர்க்கிற அறிவை ஒன்றோடொன்று கோத்துத் தேடித் தருகிற ஒரு கருவியைப் பற்றிய கட்டுரை அது. பிறகு வாழ்நாள் முழுதும் அவர் செய்த வேலைக்கு விதை அங்கே விழுந்தது. வாசிகசாலையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்லாமல் விடக்கூடாது.

படமும் தமிழ் வரிகளும்

1968 டிசம்பர் 9ஆம் திகதி, சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கணினி மாநாட்டில், ஏறக்குறைய 1000 பேர் முன்னால் எங்கல்பார்ட் 90 நிமிடம் தன் அமைப்பைக் காட்டினார். கணினி அங்கே இல்லை, 48 கிலோமீற்றர் அளவு தள்ளி மென்லோ பார்க்கில் இருந்தது. நுண்ணலை இணைப்பில் திரையும் முகமும் குரலும் போய்வந்தன. அது படமாக்கப்பட்டது, இணையத்தில் முழுதாகக் கிடைக்கிறது.

முழுப் படத்தையும் ஒரே மூச்சில் போடாதீர்கள், பிள்ளைகள் களைத்துப்போவார்கள். முதலில், கடைக்குப் போகிற சாமான் பட்டியலை அவர் எழுதுகிற பகுதியை மட்டும் போடுங்கள். பட்டியலை வகை பிரிக்கிறார், ஒரு வகையைச் சுருக்குகிறார், விரிக்கிறார், வேறு இடத்துக்கு நகர்த்துகிறார். பிறகு அதே பட்டியலை வீட்டுக்குப் போகிற வழியின் வரைபடமாகக் காட்டுகிறார். படத்தை நிறுத்தி, பிள்ளைகளைத் தங்கள் பட்டியலை எழுதச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகள் எழுதியது: சந்தையில் இறால், நண்டு, முருங்கை இலை, காத்தான்குடியில் துணி, ஆரையம்பதியில் அம்மம்மா வீடு, வரும் வழியில் ஒரு முட்டி தயிர். இதைக் கல்லடிப் பாலத்தைத் தாண்டும் முன், தாண்டிய பின் என்று இரண்டாகப் பிரித்தபோது, வழி தானாகத் தெரிந்தது.

மறுகா தமிழ் வரிகள். ஒருவர் ஆங்கிலப் பேச்சைக் கேட்டு எழுதட்டும், ஒருவர் மொழிபெயர்க்கட்டும், ஒருவர் நேரம் குறிக்கட்டும். சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருள் போதும். கோப்பைக் கட்டாயம் யூனிகோட்டில், யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். நம்மட அச்சகங்களில் பாமினி எழுத்துருவில் அடித்த எத்தனையோ நல்ல கட்டுரைகள், எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிலைமை இந்த வேலைக்கு வரக்கூடாது. ஒரு நேரத்தில் திரையில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். பொதுவில் வெளியிடும் முன் உரிமையுள்ள நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். வகுப்புக்குள் பார்ப்பதோடு தொடங்கலாம்.

மொழிபெயர்த்ததைச் சேர்த்து வைக்க அவருடைய முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய அமைப்பில் ஒவ்வொரு பந்திக்கும் ஒரு எண் உண்டு: இலக்கம், எழுத்து, இலக்கம் என்று மாறி மாறி வரும். நாங்கள் 3ஆ2 என்று போடுகிறோம். மூன்றாம் பகுதியில் இரண்டாம் பிரிவில் இரண்டாம் பந்தி. இதனால் "அந்த மேல இருக்கிற பந்தியில" என்று தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. இடையில் புதுப் பந்தி வந்தால் இந்த எண் நகரும் என்பதால், ஒவ்வொரு பந்திக்கும் எப்போதும் மாறாத இன்னொரு எண்ணும் கொடுங்கள். பந்தியை நீக்கினாலும் அந்த எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்க வேண்டாம். அவருடைய குழு தங்கள் ஆவணங்களை ஒரு நிரந்தரப் பதிவேட்டில் சேர்த்து வந்தது. பதிந்த ஆவணத்தை யாரும் மாற்றுவதில்லை. திருத்தம் இருந்தால் புது எண்ணில் புது ஆவணம் பதிவாகும், பழையதும் கிடக்கும். 1970ஐ ஒட்டிய அந்த ஒழுங்கை ஒரு சாதாரண விரிதாளிலும் அப்படியே பின்பற்றலாம்.

ஐந்து விசைக் கருவி

எனக்கு இதுதான் இந்த வேலையின் நெஞ்சு. படத்தில் அவருடைய வலது கையில் மவுஸ் இருக்கும், எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். இடது கையைப் பாருங்கள். ஐந்து நீளமான விசைகள், பியானோக் கட்டைகளைப் போல. ஒரு நேரத்தில் ஒன்றையோ பலவற்றையோ சேர்த்து அழுத்தினால் ஒரு எழுத்து வரும். உலகம் மவுசை எடுத்துக்கொண்டது, இதைக் கைவிட்டது.

ஐந்து விசையில் எத்தனை சேர்க்கை வரும்? 31. ஆங்கிலத்துக்கு 26 போக 5 மிஞ்சும். தமிழுக்கு உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. கூட்டிப் பாருங்கள். இதைப் பலகையில் எழுதியபோது பின்வாங்கில் இருந்த ஒரு பொடியன் எழும்பி, "மிஸ், அப்ப இது எங்களுக்குத்தானே செஞ்சது!" என்றான். எங்களுக்கென்று செய்யவில்லை. ஆனால் உயிர்மெய்யை மெய்யும் உயிருமாகச் சேர்க்கிற நம் எழுத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவியை நான் பார்க்கவில்லை.

செய்யும் விதம் இது. பழுதான மவுஸ் மூன்றைத் தேடுங்கள், எந்தக் கணினி திருத்துகிற கடையிலும் சும்மா தருவார்கள். ஒவ்வொன்றிலும் சொடுக்குகிற சின்ன சுவிட்ச் குறைந்தது 2 இருக்கும், பற்றாசு கழற்றி எடுங்கள். ஆர்டுயினோ (நிரல் எழுதி இயக்குகிற சின்ன மின்னணுப் பலகை) வகையில் யூஎஸ்பி விசைப்பலகையாக நடிக்கக்கூடிய பலகை வேண்டும்: லியனார்டோ, அல்லது புரோ மைக்ரோ. ஒவ்வொரு சுவிட்சின் ஒரு காலைப் பலகையின் 2 முதல் 6 வரையுள்ள பின்களுக்கும், மற்றக் காலைக் கிரவுண்டுக்கும் கொடுங்கள். பலகைக்குள்ளேயே இழுவைத் தடை (pull-up) இருப்பதால், அதை நிரலில் இயக்கிவிட்டால் வேறு தடை வேண்டாம். மேலே விரல் வைக்க ஐந்து மெல்லிய மரச்சட்டம், பின்பக்கம் ஒரு பிணைச்சல். தச்சுவேலை தெரிந்த ஒரு மாமாவைப் பிடித்தால் அரை நாளில் முடியும்.

பெருவிரலுக்கு 1, சுட்டுவிரலுக்கு 2, நடுவிரலுக்கு 4, மோதிரவிரலுக்கு 8, சின்னவிரலுக்கு 16 என்று மதிப்புக் கொடுங்கள். அழுத்திய விரல்களின் கூட்டுத்தொகைதான் எழுத்தின் எண். அரிச்சுவடி ஒழுங்கிலேயே போங்கள்: அ 1, ஆ 2, ஔ 12, ஃ 13, க 14, கடைசி ன 31. பெருவிரல் மட்டும் அழுத்தினால் அ, ஐந்தும் அழுத்தினால் ன. நிரலில் முக்கியமான விசயம் ஒன்று: விரல் படும்போது எழுத்தை அனுப்ப வேண்டாம். எல்லா விரலும் ஒரே கணத்தில் படாது. பட்ட விரல்களையெல்லாம் நினைவில் சேர்த்துக்கொண்டு, கடைசி விரலும் எழும்பிய பிறகு அனுப்புங்கள்.

கணினியில் தமிழ்99 விசைப்பலகையைப் போடுங்கள், எ-கலப்பை மென்பொருளில் அது கிடைக்கும். நம்மில் பலருக்குப் பாமினி கைப்பழக்கம் என்பது தெரியும். ஆனால் பாமினி கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கில் போகிறது, கொம்பு முதலில் வரும். தமிழ்99 ஒலிக்கிற ஒழுங்கில் போகிறது, அதிலும் இதே 31 எழுத்துகளுக்கு 31 விசைதான். அதனால் ஆர்டுயினோ ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு விசையை அனுப்பினால் போதும், உயிர்மெய் தானாக அமையும். மட்டக்களப்பு என்று அடிக்க: ம, ட, ட, க, க, ள, ப, ப, உ. 9 அழுத்தம். இரட்டித்த மெய்க்குப் புள்ளி தானாக விழும். ம என்பது 23: மோதிரவிரலைத் தவிர மற்ற நான்கும். ட 18, சின்னவிரலும் சுட்டுவிரலும். இந்த ஒரு சொல் கைக்கு வந்துவிட்டால் மற்றவை வேகமாக வரும்.

இடைவெளிக்கும் இலக்கங்களுக்கும் ஜ, ஸ, ஷ, ஹவுக்கும் இடம் மிஞ்சாது. எங்கல்பார்ட் மவுஸ் பொத்தானை அழுத்திக்கொண்டு விசையை அடித்தால் வேறு தொகுதி எழுத்து வருகிற மாதிரி வைத்திருந்தார். நீங்கள் மிஞ்சிய ஆறாவது சுவிட்சை வலது கைக்குக் கொடுத்து அதையே செய்யுங்கள்.

பதிந்து வைப்பது

கருவியை மட்டும் வைத்தால் போதாது, கையையும் பதியுங்கள். தொலைபேசியை மேசைக்கு நேர் மேலே கட்டி, பிள்ளை இடது கையால் அடித்து வலது கையால் மவுசை நகர்த்துவதைப் படமெடுங்கள். பிள்ளை தான் செய்வதை வாயாலும் சொல்லட்டும், முகம் வர வேண்டியதில்லை. நிரல், மரச்சட்டத்தின் அளவு, எழுத்து அட்டவணை எல்லாம் ஒரே கோப்புறையில், எண்ணோடு இருக்கட்டும். ஒரு பக்கச் சாதாரண எழுத்துக் கோப்பில் எது எங்கே இருக்கிறது என்று தமிழில் எழுதி வையுங்கள்.

பிரதி குறைந்தது மூன்று வேண்டும், ஒரே கட்டடத்தில் வேண்டாம். 1978 சூறாவளியும் 2004 கடற்கோளும் பார்த்த கரை இது. மார்கழி மழைக்கு வாவி எங்கே ஏறும் என்று யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. ஒன்று வாசிகசாலையில், ஒன்று உள்நாட்டுப் பக்கம் மேட்டில் இருக்கிற ஒரு வீட்டில், ஒன்று இணையத்தில். நூலகம் நிறுவனம் இலங்கைத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் பேணுகிறது. உங்கள் தமிழ் ஆக்கங்களை அங்கே சேர்க்கலாமா என்று கேளுங்கள். பென் டிரைவை நீண்ட காலத்துக்கு நம்ப வேண்டாம், வன்தட்டு வாங்குங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலத்தோடு இறுக்கமான தகரப் பெட்டிக்குள் வையுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 கைரேகையை (கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடுகிற, கணினி கணிக்கிற குறியீட்டை) எடுத்து அட்டவணையில் எழுதுங்கள். மழை ஓய்ந்து தை பிறந்ததும் மூன்று பிரதியையும் திறந்து, அந்தக் கைரேகைகள் பொருந்துகின்றனவா என்று சரிபாருங்கள். பொருந்தாத கோப்பை, பொருந்துகிற பிரதியில் இருந்து எடுத்து மாற்றி, மாற்றிய திகதியையும் மாற்றியவர் பெயரையும் அதே அட்டவணையில் பதியுங்கள்.