குமுளிக் கடைக்கு ஹோஸ்டிங் வாங்கிய கதை

வீடு கம்பத்தில், ஏலக்காய்க் கடை குமுளியில். கடையின் இணையதளத்துக்கு ஹோஸ்டிங் (தளத்தை இணையத்தில் வைக்க வாடகை இடம்) வாங்கியபோது கேரள முகவரியைக் கொடுத்தேன். வங்கியில் இருந்ததோ தேனி மாவட்ட முகவரி. போதாததற்கு, நாம் இருக்கும் இடத்தை மறைக்கும் வி.பி.என். செயலி வேறு ஓடிக்கொண்டிருந்தது. ஹோஸ்டிங் நிறுவனத்தார் ஆர்டரை நிறுத்திவைத்து அடையாளச் சான்று கேட்டார்கள். பணம் கட்டியது திருட்டு வங்கி அட்டையிலோ என்ற சந்தேகம், நியாயம்தான்.

ஆகவே வி.பி.என்.னை அணைத்துவிட்டு, வங்கியில் உள்ள முகவரியையே எழுதுங்கள். சான்று கேட்டு மின்னஞ்சலில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள். நிறுவனத்தின் தள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, உங்கள் கணக்குக்குள் நுழைந்து பதிவேற்றுங்கள். ஆதார் என்றால், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் பிரதியை முதலில் கொடுத்துப் பாருங்கள். தொலைபேசியில் ஓ.டி.பி. கேட்பவர் தேனொழுக மலையாளம் பேசினாலும் சொல்லாதீர்கள். பணம் பறிபோனால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.