பொன்முதுகு மரங்கொத்தி: எங்கே தவறு செய்கிறோம்?

“வாசல்ல மரங்கொத்தி மேயுது” என்று யாராவது படம் அனுப்பினால் அது பெரும்பாலும் கொண்டலாத்தியாகத்தான் இருக்கும். விசிறிக் கொண்டையும் நீண்ட அலகும் கண்ணில் பட்டதும் மரங்கொத்தி என்று பெயர் வைத்துவிடுகிறோம். கொண்டலாத்தியின் அலகு மெலிந்து வளைந்தது, மண்ணைக் கிளறத் தோதானது. மரங்கொத்தியின் அலகோ நேரான உளி. அதற்காக, தரையில் இருப்பது மரங்கொத்தியே அல்ல என்று அடித்துச் சொல்லவும் வேண்டாம். எறும்பு தின்ன இதுவும் கீழே இறங்கும்.

காதும் ஏமாற்றும். வெயிலில் ‘டுக் டுக் டுக்’ என்று தாளம் பிசகாமல் கேட்பது செம்மார்புக் குக்குறுவான் என்ற சின்னப் பறவையின் தொண்டையிலிருந்து வருவது, மரத்தைக் கொத்தும் ஓசை அல்ல. பொன்முதுகு மரங்கொத்தியின் குரல் கடகடவென்று கனைப்பது போல இருக்கும். கத்திக்கொண்டே அலையலையாக ஏறி இறங்கிப் பறக்கும்.

முதுகு பொன்னிறம் என்பதை மட்டும் வைத்து இனத்தை முடிவு செய்யாதீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் பெரிய பொன்முதுகு மரங்கொத்தியும் உண்டு. பறக்கும்போது வாலுக்குச் சற்று மேலே பாருங்கள்: கறுப்பென்றால் நம் ஊர்த் தோப்புப் பறவை, சிவப்பென்றால் மலைக்காரர். உட்கார்ந்திருந்தால் தொண்டையைப் பார்க்கலாம். நம்முடையதற்குக் கறுப்பில் வெள்ளைக் கீற்றுகள். உச்சி முழுக்கச் சிவப்பு ஆண். முன்னுச்சி கறுப்பில் வெண்புள்ளி, பின்கொண்டை மட்டும் சிவப்பு என்றால் பெண். யாழ்ப்பாணத்தில் பொன்முதுகு, இலங்கையின் தெற்கே போனால் அதே சாயலில் முதுகு சிவந்த பறவை.

கொத்தும்போது மரங்கொத்தியின் மண்டை ஓடு பஞ்சு போல அதிர்ச்சியைத் தாங்குகிறது என்று பாடப்புத்தகப் பாணியில் இன்னும் எழுதுகிறோம். 2022-இல் வெளியான ஆய்வு அதை மறுத்தது: தலை சுத்தியல் போல விறைப்பாகவே இயங்குகிறது, மூளை சிறியது என்பதால்தான் தப்பிக்கிறது.

பெரிய தவறு தோப்பில் நடக்கிறது. மொட்டையாய் நிற்கும் தென்னையைப் பார்த்து, “மரங்கொத்தி கொத்தியே செத்துப்போச்சு” என்பார்கள். பட்டுப்போன, உளுத்த மரத்தில் துளை போடுவது எளிது; உள்ளே வண்டுப் புழுவும் கிடைக்கும். அதனால்தான் அங்கே போகிறது. ஆள்மேல் விழும் இடத்தில் இல்லையென்றால் அந்த மொட்டை மரத்தை விட்டுவையுங்கள். மரங்கொத்தி காலி செய்யும் பொந்தில் பிறகு மைனாவோ கிளியோ குடியேறும்.

பொந்தில் குஞ்சு இருக்கும்போது கைப்பேசியில் மரங்கொத்தியின் குரலை ஒலிக்கவிட்டுப் படம் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். இரை கொண்டுவந்த தாயும் தந்தையும் எதிரி வந்துவிட்டதென்று அலைய, குஞ்சுகள் பசியோடு காத்திருக்கும்.