டெக்சஸ் கவுண்டி கமிஷனர் தேர்தல்: கணக்கைக் கேட்டு ஓட்டுக் கேட்பது எப்படி?

'சொத்து வரியைப் பாதியாக்குவேன்' என்று சொல்லிக் கவுண்டி (மாநிலத்துக்குள் உள்ள உள்ளாட்சிப் பகுதி) கமிஷனர் பதவிக்கு நிற்காதீர்கள். வரி ரசீதில் பெரும்பங்கு பொதுவாகப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்துக்குப் போகிறது. வீட்டுக்கு மதிப்புப் போடுவது மதிப்பீட்டு மாவட்டம் என்ற தனி அமைப்பு. கமிஷனர் கைவைக்க முடிந்தவை கவுண்டியின் வரி விகிதம், பட்ஜெட், கடன், ஒப்பந்தங்கள். அதிலும் நிர்வாகத் தலைவரான கவுண்டி ஜட்ஜோடு சேர்த்து ஐந்து பேர் உள்ள மன்றத்தில் உங்களுக்கு ஒரு ஓட்டுதான். ஷெரிஃப் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர், கவுண்டி ஆடிட்டரை நியமிப்பது மாவட்ட நீதிபதிகள். இருவரையும் நீக்குவேன் என்று வாக்குக் கொடுக்கவும் வழியில்லை.

முதல் வேலை, கவுண்டியின் ஆண்டு நிதி அறிக்கையை ஐந்து வருடத்துக்கு இறக்கிப் படிப்பது. பட்ஜெட்டையும் உண்மைச் செலவையும் ஒப்பிடும் அட்டவணைக்கு நேராகப் போங்கள். முதலில் போட்ட பட்ஜெட், திருத்திய பட்ஜெட், உண்மைச் செலவு என மூன்று பத்திகள் இருக்கும். முதல் இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், வருட நடுவில் சத்தமில்லாமல் திருத்தங்கள் நடந்திருக்கின்றன. எந்தக் கூட்டத்தில், யார் முன்மொழிந்து என்பது நடவடிக்கைக் குறிப்பில் கிடைக்கும்.

இங்கே அவசரப்பட்டால் அடி விழும். சிறைத் துறையின் ஓவர்டைம் பட்ஜெட்டைத் தாண்டியிருக்கிறது என்று வையுங்கள். உடனே 'வீண்செலவு' என்று நோட்டீஸ் அடிக்காமல், அதே துறையின் சம்பளக் கணக்கைப் பாருங்கள். காவலர் இடங்கள் காலியாகக் கிடந்தால் சம்பளத்தில் மிச்சமும் ஓவர்டைமில் மிகையும் சேர்ந்தே வரும். மிகையிலிருந்து மிச்சத்தைக் கழித்தபின் நிற்கும் தொகைதான் உங்கள் கேள்வி.

பிறகு ஒதுக்கப்படாத கையிருப்பு. இரண்டு மாதச் செலவுக்காவது இருக்க வேண்டும் என்பது அரசு நிதி அதிகாரிகள் சங்கத்தின் பரிந்துரை. கடன் பகுதியில் 'கடப்பாட்டுச் சான்றிதழ்' எவ்வளவு என்று தேடுங்கள். பொதுவாக வாக்கெடுப்பு இல்லாமல் வாங்கக்கூடிய கடன் அது. அந்தக் கடனை வாங்கப்போவதாக அறிவிப்பு வந்ததும் பதிவு செய்த வாக்காளரில் 5 சதவீதத்தினர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தால் தேர்தல் வைத்தாக வேண்டும். வெளிப்படைத்தன்மை பேசும் வேட்பாளருக்கு இதைவிட உறுதியான பிடி இல்லை.

அறிக்கையில் இல்லாததைப் பொதுத் தகவல் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 'எல்லா ஆவணங்களும்' என்று கேட்டால் கட்டண மதிப்பீடுதான் வரும். 'இன்ன துறை, இன்ன ஆறு மாதம், காசோலைப் பதிவேடு, எக்ஸெல் வடிவில்' என்று கேளுங்கள். தர மறுத்தால் அவர்கள் 10 வேலை நாளுக்குள் முடிவு கேட்டு மாநில அட்டர்னி ஜெனரலிடம் போக வேண்டும். கட்டணம் 40 டாலரைத் தாண்டும் என்று மதிப்பீடு வந்தால், நீங்களும் 10 வேலை நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். தவறினால் கோரிக்கையைத் திரும்பப் பெற்றதாகக் கொள்வார்கள். நிறைய பேர் கோட்டைவிடுவது இங்கேதான்.

பதிவேட்டில் ஒரே நிறுவனத்துக்கு, சில நாள் இடைவெளியில், டெண்டர் கட்டாயமாகும் தொகை வரம்புக்குச் சற்றுக் கீழே பல பில்கள் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். வரம்பைத் தவிர்க்க வாங்குதலைப் பிரிப்பது குற்றம். ஆனால் கூட்டுறவுக் கொள்முதல் ஒப்பந்தத்தில் (பல அரசு அமைப்புகள் சேர்ந்து பயன்படுத்தும், ஏற்கெனவே டெண்டர் விட்ட ஒப்பந்தம்) வாங்கியிருந்தால் அது சட்டப்படி சரி; கேட்டு உறுதிசெய்த பிறகே பேசுங்கள்.

பிரச்சாரப் பணத்தில் ஒரு டாலர் வாங்கும் முன், செலவழிக்கும் முன், பொருளாளர் நியமனப் படிவம் கவுண்டித் தேர்தல் அலுவலகத்தில் இருக்க வேண்டும். பொருளாளராக நீங்களே இருக்கலாம். பிரைமரி (கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல்) வேட்புமனு போவது வேறிடம், கட்சியின் கவுண்டித் தலைவரிடம். மக்கள்தொகை 2 லட்சமோ அதற்கு மேலோ உள்ள கவுண்டியில் கட்டணம் 1,250 டாலர், மற்றதில் 750.

தமிழ் வேட்பாளர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர் நன்கொடை தரலாம். எச்-1பி விசாக்காரர் ஒரு டாலரும் தரக்கூடாது. சம்பளமில்லாமல் தொண்டராக வீடுவீடாக வரலாம், பணம் பற்றிய முடிவுகளில் மட்டும் தலையிடக் கூடாது. நண்பரின் கார்ப்பரேஷன் காசோலையை வாங்காதீர்கள். ரொக்கமாக ஒருவரிடம் ஓர் அறிக்கைக் காலத்தில் 100 டாலருக்கு மேல் கூடாது. வரிவிலக்குப் பெற்ற தமிழ்ச் சங்கம் உங்களை ஆதரித்து மேடை தர முடியாது. எல்லா வேட்பாளர்களையும் சமமாக அழைத்தால் போகலாம்.

எதிராளி இருந்தால் தேர்தலுக்கு 30 நாள் முன்பும் 8 நாள் முன்பும் வரவு செலவு அறிக்கை கொடுக்க வேண்டும். ரசீதுகளை அன்றன்றே பதிந்துவிடுங்கள். கவுண்டியிடம் கணக்குக் கேட்பவரின் சொந்தக் கணக்கு ஒரு நாள் தாமதமானால், எதிராளிக்கு வேறு நோட்டீஸே தேவைப்படாது.