நெல்லை வெயிலில் நெப்பந்தஸ்: தொட்டிக்குள் என்ன போடலாம்?

நெப்பந்தஸ் என்பது குடுவையில் பூச்சி பிடிக்கும் செடி. அதைத் தொட்டியில் வைக்க என்ன கலவை என்று கேட்டால் ஆளுக்கொரு விகிதம் சொல்வார்கள். அதில் பாதி, குளிர் நாட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் செடி வளர்ப்பவர்களின் கணக்கு. சித்திரை வெயில் முடிந்த கையோடு செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று வந்து அறையும் பாளையங்கோட்டை மொட்டை மாடிக்கு அது ஒத்துவராது. உங்கள் வீட்டில் காற்று எப்படி, தண்ணீர் எப்படி என்று முதலில் பாருங்கள், கலவையை அதற்கப்புறம் முடிவு செய்யலாம்.

இந்தச் செடி தனக்கு வேண்டிய நைட்ரஜனில் பெரும்பகுதியைக் குடுவையில் விழும் பூச்சியிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. காட்டில் சத்தில்லாத மண்ணிலும், பாசி படர்ந்த மரக்கிளைகளிலும் வாழ்ந்து பழகியது. அதனால் அதன் வேருக்குத் தேவை ஈரமும் காற்றும், உரம் இல்லை. நர்சரியில் ரோஜாவுக்குத் தரும் செம்மண், மணல், சாணக் கலவையில் இதை வைக்காதீர்கள். கரிசல், மண்புழு உரம், வேப்பம்புண்ணாக்கு, எலும்புத்தூள் எதுவும் வேண்டாம். போர்னியோவில் நார்த்தியானா என்ற இனம் சுண்ணாம்புப் பாறையிலேயே வளர்கிறதே என்று யாராவது சொல்வார்கள், உண்மைதான். ஆனால் நம் ஊர் நர்சரிகளில் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் வென்ட்ராட்டா என்ற கலப்பினம், அதை வைத்தே பேசுவோம்.

நமக்கு மலிவாகக் கிடைப்பது தேங்காய் மட்டை. கடையம், அம்பாசமுத்திரம் பக்கம் தோப்பு இருப்பவர்கள் காசே கொடுக்க வேண்டாம். கோகோபீட் என்று விற்கும் தேங்காய் நார்த் தூளைவிட, அரை அங்குலத் துண்டாக வெட்டிய மட்டைச் சில்லுதான் என் தேர்வு. தூள் நம் வெயிலில் மேலே காய்ந்து, அடியில் சகதியாகி, வேரை மூச்சு முட்ட வைக்கும். சில்லு அப்படியில்லை, துண்டுக்குள் ஈரமும் துண்டுகளுக்கு நடுவில் காற்றும் நிற்கும். பச்சை மட்டையை வெட்டி அப்படியே போடாதீர்கள், மழையில் கிடந்து பழுத்த பழைய மட்டையாக எடுங்கள்.

எதுவானாலும் கழுவாமல் போடக் கூடாது. தேங்காய் மட்டையில் சோடியமும் பொட்டாசியமும் இயல்பாகவே உண்டு, குளோரைடும் சேர்ந்து வரும். மழைத்தண்ணீரிலோ ஆர்ஓ தண்ணீரிலோ ஒரு ராத்திரி ஊறவைத்துப் பிழியுங்கள். வரும் தண்ணீர் டீ டிகாக்ஷன் நிறத்தில் இருக்கும், அதைக் கொட்டிவிட்டு மறுபடி ஊறவையுங்கள். நிறம் போனால் உப்பும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்கு விற்கிறது, அதை விட்டுப் பாருங்கள்: ஊற்றிய தண்ணீருக்கு மீட்டர் காட்டும் எண்ணுக்குப் பக்கத்தில், பிழிந்த தண்ணீரும் வரும்வரை கழுவ வேண்டும். சோம்பல் பார்த்தால் இரண்டே மாதத்தில் இலை ஓரம் காய்ந்து காட்டிக்கொடுக்கும். கோகோபீட் கட்டி வாங்குவதென்றால் ‘லோ ஈசி’ (உப்பு குறைந்தது) என்று போட்டதை வாங்குங்கள், அதையும் ஒருமுறை கழுவிவிடுங்கள்.

ஸ்பேக்னம் பாசி நல்ல பொருள்தான், சிலியிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வருவதால் விலைதான் கடிக்கும். பதியன் போட்ட தண்டுக்கும் சின்னக் கன்றுக்கும் தனிப் பாசியே போதும். பெரிய செடிக்குக் கலவையில் கால் பங்கு சேர்த்தால் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அழுத்தித் திணிக்காதீர்கள், உதிர்த்துப் போடுங்கள். ஆடிக்காற்றில் அம்மி பறக்குமோ என்னவோ, காற்றில் வைத்த தனிப் பாசித் தொட்டி ஒரே நாளில் காய்ந்துவிடும். பீட் மாஸ் என்ற மக்கிய சதுப்புநிலப் பாசித் தூளை நம் ஊருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நனைந்தால் இறுகும், ஒருமுறை முழுக்கக் காய்ந்தால் தண்ணீரை உள்ளே விடாமல் ஓரமாக வழியவிடும்.

காற்றோட்டத்துக்குப் பெர்லைட் (சூட்டில் பொரித்த வெள்ளை எரிமலைக்கல் மணிகள்) அல்லது பியூமிஸ் (துளைகள் நிறைந்த எரிமலைக்கல்). பெர்லைட்டைக் கொட்டுவதற்கு முன் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள், அந்த வெள்ளைத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. கரிக்கு எங்கும் அலைய வேண்டாம், சீமைக்கருவேலக் கரி நம் பக்கம் தாராளம். கடலையளவு உடைத்து, சாம்பல் போகக் கழுவி ஒரு பிடி சேர்த்தால் போதும். சாம்பலோடு போட்டால் காரத்தன்மை ஏறும், இந்தச் செடி கொஞ்சம் புளிப்பான, அதாவது அமிலத்தன்மையுள்ள கலவையைக் கேட்பது.

மணல், சரளை சேர்க்க நினைப்பவர்கள் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு கரண்டி எடுத்து வினிகரை ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, அது வேண்டாம். கரிசல் காட்டு ஓடைகளில் சுக்கான்கல் கலந்தே கிடக்கும், தாழையூத்துப் பக்கம் பூமிக்குள்ளேயே சுண்ணாம்புக்கல், ஆகவே கண்ணால் பார்த்து நம்ப வேண்டாம். கடல் மணல் பக்கமே போகாதீர்கள். உடைத்த பழைய செங்கல்லில் காரை ஒட்டியிருந்தால் அதுவும் இதே கதைதான்.

சரி, எவ்வளவு சேர்ப்பது? நெல்லை, நாங்குநேரி, வள்ளியூர் போன்ற வறண்ட ஊர்களுக்கு மட்டைச் சில்லு இரண்டு பங்கு, பாசி ஒரு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு, ஒரு பிடி கரி என்று தொடங்கலாம். தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் நாளில் தொட்டி காயவே காயாது. அங்கே பாசியை அரைப் பங்காக்கி, பெர்லைட்டையோ பைன் பட்டையையோ கூட்டுங்கள். உங்கள் கையும் கணக்கில் வரும்: தினம் ஊற்றினால்தான் மனசு ஆறும் என்பவர் பெரிய துண்டுகளாகப் போடவேண்டும், மறந்துபோகிறவர் பாசியைக் கூட்டவேண்டும். கலந்ததை நனைத்து ஒரு கைப்பிடி அழுத்துங்கள். சில சொட்டு விழ வேண்டும், கையைத் திறந்ததும் கலவை உதிர்ந்து விரிய வேண்டும். உருண்டையாக நின்றால் இன்னும் பெர்லைட் போடுங்கள். தொட்டியில் நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் உடனே அடியில் ஓட வேண்டும், மேலே குளம் கட்டக் கூடாது.

மண்தொட்டி குளுமைதான், ஆனால் சீக்கிரம் காய்கிறது, நாளடைவில் வெளியே வெள்ளையாக உப்பும் பூக்கும். ஓட்டை நிறைய உள்ள பிளாஸ்டிக் தொட்டியில் செடியை வைத்து, அதை ஒரு பெரிய மண்தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் ஈர மணல் போட்டால் இரண்டு நன்மையும் கிடைக்கும். காற்று காய்ந்திருக்கும் மாதங்களில் இது நன்றாகக் குளிரும். அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேக்கும் பழக்கம் வீனஸ் ஃபிளைட்ராப் என்ற இன்னொரு பூச்சி பிடிக்கும் செடிக்கு ஆகும், இதற்கு ஆகாது.

தண்ணீர் சரியில்லை என்றால் மேலே சொன்ன எதுவும் நிற்காது. டிடிஎஸ் மீட்டரில் 50 பிபிஎம்-க்குக் கீழே காட்டினால் நல்லது, 100 வரை பரவாயில்லை. நம் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் அதைப்போலப் பல மடங்கு காட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையை நேராக டிரம்மில் பிடித்து மூடி வையுங்கள். புது சிமெண்ட் தளத்தில் ஓடி வந்த தண்ணீரில் சுண்ணாம்பு கலந்திருக்கும். மாதம் ஒருமுறை தொட்டியின் அடியில் தாராளமாக ஓடும்படி ஊற்றி, சேர்ந்த உப்பை அலசிவிடுங்கள்.

பாசியும் மட்டையும் நம் வெப்பத்தில் சீக்கிரம் மக்கும், ஒன்றரை, இரண்டு வருடத்தில் மாற்றத் தயாராக இருங்கள். கலவை இறங்கி, கையில் எடுத்தால் கூழாக இருந்தால் நேரம் வந்துவிட்டது. மாற்றுவதை மழைக்காலத்தில் வையுங்கள், கத்திரி வெயிலில் வேண்டாம். மாற்றும்போது வேர் கருப்பாக, கம்பி மாதிரி மெலிந்து இருப்பதைப் பார்த்து அழுகிவிட்டதென்று பலர் வெட்டிவிடுகிறார்கள். நெப்பந்தஸ் வேரின் நிறமே அதுதான். அழுகிய வேர் தொட்டால் குழையும், மேல்தோல் உருவிக்கொண்டு வரும், அதை மட்டும் வெட்டுங்கள். வேரோடு ஒட்டிய பழைய கலவையைப் பிய்க்காமல் அப்படியே புதுத் தொட்டியில் இறக்கி, சுற்றிலும் புதுக் கலவையை உதிர்த்துவிட்டு, இரண்டு வாரம் நிழலில் காற்று அடிக்காத இடத்தில் வையுங்கள். குடுவைகள் சில காயும், புது இலை வந்தால் போதும்.