சுட்டியில் நிற்கும் எண்ணைக் கண்டுபிடிப்பது எப்படி?

சாதாரண தர வினாத்தாளில் சுட்டிச் சமன்பாட்டைக் கண்டதும் கடைசிக்கு ஒதுக்கி வைக்கிற ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தம்பி தங்கச்சிமாருக்காக இது. புத்தகத்தில் எக்ஸ் என்று வருவதை இங்கே ‘க’ என்று எழுதுகிறேன். 2^க என்றால் அடி 2, சுட்டி க.

படி 1: தெரியாத எண் எங்கே நிற்கிறது?

க³ = 125 என்றால் அது அடியில் நிற்கிறது. கனமூலம் எடுங்கள், க = 5, வேலை முடிந்தது. க² = 49 என்றால் மட்டும் கவனம்: 7, −7 இரண்டும் விடை.

2^க = 32 என்றால் அது மேலே, சுட்டியில் நிற்கிறது. அங்கே மூலம் எடுத்துப் பயனில்லை.

படி 2: அடிகளை ஒன்றாக்குங்கள்

32 = 2⁵. ஆகவே 2^க = 2⁵, க = 5. இரு பக்கமும் ஒரே அடி என்றால் சுட்டிகளும் சமம். (அடி 0, 1, −1 என்றால் இது செல்லாது; 1⁴ = 1⁹ தானே!)

இனி 9^(க−1) = 27. இரண்டுமே 3இன் வலுக்கள், அதாவது 3ஐ 3ஆலேயே பெருக்கிக்கொண்டு போனால் வரும் எண்கள். 9 = 3² என்பதால் 3^(2(க−1)) = 3³. அடைப்புக்குறியை மறந்து 2க−1 என்று எழுதினால் கணக்கு அங்கேயே கவிழ்ந்துவிடும். சரியானது 2க−2 = 3, க = 2.5.

2இன் வலுக்களை 1024 வரை, 3இன் வலுக்களை 243 வரை பாடமாக்கிக்கொள்ளுங்கள். மனப்பாடம் எனக்குப் பிடிக்காது. இதற்கு மட்டும் விதிவிலக்கு.

படி 3: வலுவைத் தனியாக்குங்கள்

2 × 3^க = 54. இதை 6^க என்று எழுதக் கை துறுதுறுக்கும். சுட்டி 3க்கு மட்டுமே சொந்தம், 2க்கு அதில் பங்கில்லை. முதலில் 2ஆல் வகுங்கள்: 3^க = 27, க = 3.

2^(க+1) + 2^க = 48 கொஞ்சம் குறும்பானது. இடையில் கூட்டல் இருப்பதால் சுட்டிகளைக் கூட்ட முடியாது. அந்த விதி பெருக்கலுக்குத்தான். 2^(க+1) என்பது 2 × 2^க. அதோடு இன்னொரு 2^க சேர்ந்தால் 3 × 2^க = 48. ஆகவே 2^க = 16, க = 4.

படி 4: அடி ஒன்றாகாவிட்டால் மடக்கை

0.1 மில்லிமீற்றர் தடிப்புள்ள தாளை மடித்துக்கொண்டே போனால், எத்தனை மடிப்பில் அது பீதுருதாலகால மலையின் 2,524 மீற்றரைத் தாண்டும்? (கையால் 7 மடிப்புக்கே மூச்சு வாங்கும். இது தாளில் போடும் கணக்கு மட்டும்.)

ஒவ்வொரு மடிப்பிலும் தடிப்பு இரட்டிக்கிறது. 2,524 மீற்றர் என்பது 0.1 மில்லிமீற்றரின் 25,240,000 மடங்கு. எனவே 2^க = 25,240,000. இது 2இன் முழு வலு அல்ல. ஓர் எண்ணின் மடக்கை (சுருக்கமாக ‘மட’) என்பது, 10க்கு எந்தச் சுட்டி போட்டால் அந்த எண் வருமோ அந்தச் சுட்டி. இரு பக்கமும் மடக்கை எடுங்கள், மேலே நின்ற க கீழே இறங்கிப் பெருக்கலாகிவிடும்:

க × மட 2 = மட 25,240,000
க = 7.4021 ÷ 0.3010 = 24.59

அரை மடிப்பு கிடையாதே, ஆகவே 25.

சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். 24 மடிப்பில் தாள் ஏறத்தாழ 1,678 மீற்றர் வரும். இந்த மலையைத் தாண்ட எத்தனை மடிப்பு வேண்டும்? மடக்கை அட்டவணையைத் திறக்காமலே விடை சொல்லுங்கள் பார்ப்போம்.