பழைய கார்ல எந்த கியர்பாக்ஸ் இருக்கு? ஆயில் ஊத்துறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க

எங்க சித்தப்பா செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஹோண்டா சிட்டி வாங்குனார், 2006 மாடல். என்ன கியர்பாக்ஸ் சித்தப்பான்னு கேட்டா "ஆட்டோமேட்டிக்டா, கிளட்ச் கிடையாது"ங்கிறார், அதுக்கு மேல அவருக்கும் தெரியல, வித்தவருக்கும் தெரியல. ஒர்க்‌ஷாப்ல பையன் ஏடிஎஃப் கேனோட, அதான் சாதா ஆட்டோமேட்டிக் பாக்ஸுக்கு ஊத்துற ஆயிலோட வந்து நிக்கிறான். நல்லவேளை மூடியத் திறக்குறதுக்குள்ள நான் போயிட்டேன், ஏன்னா அது சிவிடி. தனித்தனி கியரே கிடையாது, உள்ள ரெண்டு புல்லி, நடுவுல ஒரு இரும்பு பெல்ட், அதுக்குன்னே தனி ஆயில். வேற ஆயில ஊத்தி பெல்ட் வழுக்க ஆரம்பிச்சா கியர்பாக்ஸே காலி.

சரி, எப்படி கண்டுபிடிக்கிறது? முதல்ல குனிஞ்சு மிதியை எண்ணுங்க. மூணு இருந்தா மேனுவல், அப்புறம் எத்தனை கியர்னு மட்டும் பாத்தா போதும். கியர் லீவர் நாப்ல போட்டிருக்கிற படத்தை அப்படியே நம்பாதீங்க, பழைய கார்ல பாதி நாப் கடைல வாங்கி மாட்டுனதா இருக்கும். மாருதி 800ல ரொம்ப வருஷம் 4 கியர் தான், 2000 வாக்குல தான் 5 கியர் வண்டியும் வந்துச்சு, அதனால வண்டிய நிறுத்தி கிளட்ச்ச மிதிச்சு ஒவ்வொண்ணா போட்டுப் பாத்துருங்க.

ரெண்டு மிதின்னா லீவர் பக்கத்துல இருக்கிற எழுத்தைப் பாருங்க. பார்க்கிங்குக்கான 'பி' இல்லாம ஆர், என், டி, கூட ஒரு எம் அல்லது பிளஸ் மைனஸ் இருந்தா பெரும்பாலும் ஏஎம்டி. உள்ள இருக்குறது சாதா மேனுவல் பாக்ஸ் தான், நம்ம காலும் கையும் செய்ற வேலைய மெஷின் செய்யுது, அவ்ளோ தான். இது நம்மூருக்கு 2014ல மாருதி செலேரியோவோட தான் வந்துச்சு, அதனால 2010 மாடலை யாராவது ஏஎம்டின்னு சொல்லி வித்தா சிரிச்சுட்டு வந்துருங்க.

'பி' இருந்தா தான் குழப்பமே. அடுத்து ஆர்சியை எடுங்க, தயாரிச்ச மாசம் வருஷம் இருக்கும், பல வண்டிக்கு மாடல் பேரோட ஏடி (கியர் மாறுற சாதா ஆட்டோமேட்டிக்), சிவிடின்னும் சேர்த்துப் போட்டிருப்பாங்க. வருஷம் ஏன் முக்கியம்னா ஒரே பேர்ல உள்ள சமாச்சாரம் மாறிடும். சிட்டியையே எடுத்துக்கோங்க, 2003ல வந்த பாடில ஆட்டோமேட்டிக்னா சிவிடி, 2008ல வந்ததுல 5 கியர் இருக்கிற ஆட்டோமேட்டிக், 2014ல மறுபடியும் சிவிடி! டிசையரும் அப்படித்தான், 2012 பெட்ரோல்ல 4 கியர் ஆட்டோமேட்டிக், 2017ல ஏஎம்டி. மாடல் மாறுன வருஷத்து வண்டியா இருந்தா ஆர்சிய மட்டும் நம்பாம பாடி எதுன்னும் பாருங்க.

இன்னும் டவுட்டா? காலி ரோட்ல ஓட்டி இன்ஜின் சுத்துற வேகத்தைக் காட்டுற ஆர்பிஎம் முள்ளை மட்டும் கவனிங்க, ஆனா நீங்க ஓட்டாதீங்க, பக்கத்து சீட்ல உக்காந்து பாருங்க. ஆக்சிலேட்டரை ஒரே அளவு மிதிச்சுட்டே போகும்போது முள்ளு ஏறி, டக்குனு இறங்கி, திரும்ப ஏறுனா கியர் மாறுற ஆட்டோமேட்டிக். முள்ளு ஒரே இடத்துல நிக்க ஸ்பீடு மட்டும் ஏறிட்டே போனா சிவிடி. கியர் மாறும்போது தலை முன்னாடி போய் பின்னாடி வந்தா ஏஎம்டி, மாமியாரைக் கூட்டிட்டுப் போனா அவங்களே சொல்லிருவாங்க. ஸ்டீரிங் பின்னாடி விரலால கியர் மாத்துற பேடில் இருக்கே, அப்போ கியர் இருக்குன்னு முடிவு பண்ணிடாதீங்க, 2014 சிட்டி சிவிடிலயும் 7 கியர் மாதிரி நடிக்கிற பேடில் உண்டு.

ஃபோக்ஸ்வேகன்ல வர்ற டிஎஸ்ஜி மாதிரி ரெண்டு கிளட்ச் இருக்கிற ஆட்டோமேட்டிக் பாக்ஸும் இருக்கு, ஓட்டிப் பாத்து அதைச் சொல்றது கஷ்டம், பின்னாடி பேட்ஜ் இருக்கான்னு பாருங்க.

கடைசியா டேஷ்போர்டு பெட்டில இருக்கிற புக்ல எந்த ஆயில்னு பாருங்க, புக் தொலைஞ்சிருந்தா சேசிஸ் நம்பரை கம்பெனி சர்வீஸ்ல சொல்லிக் கேளுங்க. சித்தப்பா வண்டில நான் பானட்டுக்கு அடியில மார்க்கர்ல பெருசா எழுதி வச்சுட்டேன், 'சிவிடி ஆயில் மட்டும்'னு.